மாப்பிள்ளை கேட்ட பிராய்லர் சேவல்

அன்புள்ள கண்ணுக்கு,

பிராய்லர் சேவல் ஒன்று வாங்கி வீட்டுப் பெட்டைகளோடு விடலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருந்தாய். எண்ணம் சரி, ஜோடிதான் தலைகீழ். பெருத்துப்போன பிராய்லர் சேவலுக்கு அதன் உடம்பைத் தூக்கவே கால் போதாது, பெட்டை மேல் எப்படி ஏறும்? சேவல் பெருவிடை என்கிற பெரிய நாட்டுக்கோழியாகவும் பெட்டை பிராய்லராகவும் இருக்கட்டும். பெருவிடைப் பெட்டையைவிட அது கூடுதலாக முட்டையிடும், குஞ்சும் அதற்கேற்பக் கிடைக்கும்.

அந்தப் பெட்டையை முட்டைக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. 42 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டட்டும் என்று எடுத்த இனம் அது. தீவனத்தைக் கொட்டி வைத்தால் ஓயாமல் தின்று, முட்டைக்கு வருகிற ஆறு மாதத்துக்குள் மாரடைத்தே செத்துவிடும். தண்ணீரைக் குறைக்காதே, தீவனத்தை மட்டும் அளந்து போடு. பசியில் உன் காலைச் சுற்றிச் சுற்றி வரும், மனசு இளகி ஒரு பிடி கூடப் போட்டுவிடாதே (போடுவாய், எனக்குத் தெரியும்). அடைக்கும் உட்காராது. முட்டையைச் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழியிடம் அடைக்கு வை.

இந்தக் கலப்புக் குஞ்சுகள் ஆறு வாரத்தில் கறிக்கு வராது, பெருவிடை மாதிரி மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யாது. கால் உறுதியாக நிற்கும், குப்பையைக் கிளறித் தின்னும். வடக்கே இசத்நகர் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் அசில் என்கிற சண்டைக்கோழியோடு தங்கள் கேரி ரெட் கோழியைச் சேர்த்துத்தான் நிர்பீக் கோழியை எடுத்தார்கள், அதுவும் வீட்டு முற்றத்தில் வளர்ப்பதற்கென்றே.

தாராபுரத்து வெயிலுக்குக் கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழிச் சேவல் கிடைத்தால் தவறவிடாதே. உடம்புச் சூடு கழுத்து வழியே வெளியேறும். தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே அந்தக் குணம் குஞ்சில் தெரிந்துவிடும்.

கலப்புக் குஞ்சுகளையே சேவலும் பெட்டையுமாக நிறுத்தி இனம் பெருக்காதே. அடுத்த ஈட்டில் ஒன்று தாத்தாவைக் கொள்ளும், ஒன்று பாட்டியைக் கொள்ளும். ஒரே வயசில் ஒன்று கொழுத்தும் ஒன்று நோஞ்சானாகவும் நின்றால் எந்த வியாபாரி எடுப்பான்? ஒவ்வொரு தடவையும் பிராய்லர் பெட்டையோடு சுத்தப் பெருவிடைச் சேவலையே விடு. அதற்காகப் பெருவிடைக் கூட்டம் ஒன்றைக் கலக்காமல் தனியே வைத்திரு.

கலப்புதானே, தாங்கும் என்று மாப்பிள்ளை தடுப்பு மருந்தை விட்டுவிடப் போகிறார். வெள்ளைக்கழிச்சல் வந்தால் நாட்டுக்கோழியே மிஞ்சாது. ஏழாம் நாள் லசோட்டா மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. எட்டாவது வாரம் அதே நோய்க்குத் தடுப்பூசி.

விற்கும்போது கிராஸ் என்று சொல்லியே விற்கச் சொல். விலை கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். இங்கே இரண்டு சேவலை ஒதுக்கி வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையை வந்து எடுத்துப் போகச் சொல்.

அப்பா