பருந்தின் முதுகு

குழித்துறை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய, 8 மடங்கு பெரிதாக்கும் 8×42 தொலைநோக்கி சென்ற வாரம் வந்து சேர்ந்தது. 10 மடங்கு பெரிதாக்குவதை வாங்கியிருக்கலாமோ என்று தொலைபேசியில் வருந்தினாயே, அது வேண்டாம் மக்களே. கடற்காற்றில் நிற்கும் 68 வயதுக்காரனின் கைநடுக்கத்தையும் அது 10 மடங்காக்கிக் காட்டும்.

மறுநாளே அதை எடுத்துக்கொண்டு களியக்காவிளை, பூவார் வழியாகக் கேரளக் கடற்கரையிலுள்ள சொவ்வராவுக்குப் போய்வந்தேன். அங்கே போய் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று நீ ஒருமுறை கேட்டபோது எனக்குப் பதில் தோன்றவில்லை. பருந்தின் முதுகைப் பார்க்கிறேன். நம் வயலில் நின்று அண்ணாந்தால் அதன் வயிறும் இறக்கையின் அடிப்பக்கமுந்தான் தெரியும். தென்னையும், முந்திரி காய்க்கும் கொல்லாமரமும் அடர்ந்த அந்தக் கடலோர வெட்டுக்கல் மேட்டில் உட்கார்ந்தாலோ, நாம் கருடன் என்றும் அங்குள்ளவர்கள் கிருஷ்ணப்பருந்து என்றும் சொல்லும் செம்பருந்து நம் காலுக்குக் கீழே மிதந்து போக, வெள்ளைத் தலைக்குப் பின்னே அந்தச் செங்காவி முதுகு முழுவதும் வெயிலில் விரிகிறது. அதன் இளம்பறவை தவிட்டு நிறமாக இருப்பதால் கரும்பருந்தோ என்று நான் பல ஆண்டுகள் ஏமாந்திருக்கிறேன். இப்போது வாலைப் பார்க்கிறேன், நுனி பிளந்திருந்தால் கரும்பருந்து, வளைந்து உருண்டிருந்தால் செம்பருந்து.

ஆனால் விடிந்தவுடன் போனால் இந்தக் காட்சி கிட்டாது. இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அடங்கி, வெயில் ஏறிய பின் கடற்காற்று எழுந்து, செங்குத்தான மேட்டில் மோதி மேல்நோக்கித் திரும்பும்போதுதான், பருந்து இறக்கையை அடிக்காமல், வாலை மட்டும் திருப்பியபடி ஒரே இடத்தில் நிற்கும். பிற்பகலிலோ சூரியன் கடல்பக்கம் இறங்கிவிடுவதால் எல்லாப் பறவையும் வெறும் கறுப்பு உருவமாகிவிடுகிறது. காற்றும் வெளிச்சமும் ஒத்துவருவது 10 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் சிறிது நேரமே. அதுவரை தோப்புக்குள் மாங்குயிலும் வால்காக்கையும் துணை. நம்முடைய செம்போத்து அங்கே உப்பன் என்ற பெயரில் அதே குரலில் கூப்பிடுகிறது.

ஒன்றை மட்டும் உன்னிடம் மறைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் ஒருநாள், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விளிம்பு அப்படியே சரிந்து கடற்கரையில் விழுந்தது. மேலே கெட்டியாகத் தெரியும் கல்லின் அடியில் இருப்பது, மீன்கொத்தி அலகால் வளை தோண்டிவிடும் அளவுக்கு இளகிய மண். அன்றிலிருந்து விளிம்பைவிட்டுப் பத்தடி தள்ளி, ஒரு கொல்லாமரத்தில் சாய்ந்துதான் உட்காருகிறேன்; நேர் கீழே பறப்பது தெரியாது, எதிரே சற்றுத் தள்ளித் தாழ மிதப்பது தெரியும்.

டிசம்பரில் நீ வரும்போது நீலவால் பஞ்சுருட்டான்களும் வலசை வந்திருக்கும். பேரனுக்குத் தனியாக ஒரு தொலைநோக்கி வாங்காதே. இதன் இரு குழல்களையும் நெருக்கியும் அவன் கண்களுக்குப் பொருந்தாவிட்டால், ஒற்றைக் குழலில் பார்க்கட்டும்; கழுத்துவாரை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா