பேச்சுக்குக் கைதட்டுவோம், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேடைப் பேச்சுக் கலை பற்றிச் சென்ற மாத இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். குரலை எங்கே ஏற்றுவது, எங்கே தணிப்பது, அடுக்குமொழியை எப்போது அவிழ்ப்பது, கூட்டத்தைச் சிரிக்க வைத்த கையோடு கண்கலங்க வைப்பது எப்படி என்றெல்லாம் கட்டுரையாளர் அழகாக எழுதியிருந்தார். கோட்டை மைதானத்துக் கூட்டங்களுக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய், தூக்கம் கண்ணைச் சுழற்றும் வரை உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான். நல்ல பேச்சின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் கட்டுரையில் பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது. பேசுகிறவருக்கு அந்தப் பொருளைப் பற்றி என்ன தெரியும், கேட்கிறவர் அதை எப்படி எடைபோடுவது என்ற கேள்வி எங்குமே வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் என்ன நடக்கிறது என்பதை என் கடையில் தினமும் பார்ப்பதால்தான் இந்தக் கடிதம்.

காட்பாடியில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்களில் சிலர் சில மாதங்களாக வாங்குவதில்லை. பிரஷர் மாத்திரை மட்டும் கேட்கிறார்கள். சுகருக்கு வேண்டாமா என்றால் செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். பேசுகிறவர் ஒரு பட்டிமன்றப் பேச்சாளர். பெயர் வேண்டாம். எல்லார் வீட்டு டிவியிலும் பண்டிகை நாளில் வந்து சிரிக்க வைத்தவர், தாய் தகப்பனை மதிக்கச் சொன்னவர். "எவ்ளோ பெரிய மனுஷன்மா, அவரு பொய்யா சொல்லப் போறாரு? அவரே வேணாம்னு சொல்லிக்கீறாரே" என்று ஒரு பெரியம்மா என்னைக் கேட்டார்.

அந்த வீடியோவைப் பல தடவை போட்டுப் பார்த்தேன். அதைக் கட்டியிருக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே தான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிடுகிறார். கேட்கிறவருக்கு அது அடக்கமாகத் தெரிகிறது. இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர் மேலே சொல்லப்போவதும் நேர்மையாகத்தான் இருக்கும் என்று மனம் இளகிவிடுகிறது. அடுத்து அம்மாவின் அடுப்படிக்குப் போகிறார். வெந்தயம், பாகற்காய், கேழ்வரகுக் கூழ் என்று நமக்கு வேண்டிய பொருள்களாகவே வருகின்றன. கேட்பவர் மூன்று முறை ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் நான்காவதாக மாத்திரை வருகிறது: அது கிட்னியைக் காலி செய்துவிடும் என்கிறார். உடனே ஒரு சிரிப்புத் துணுக்கு. எதனால் கிட்னி கெடும், எந்த மாத்திரை, யார் சொன்னது என்று யோசிக்க இடைவெளியே இல்லை. கைதட்டல் கேட்கிறது, வீடியோ முடிகிறது.

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது முழுப் பொய்யைவிட ஆபத்தாகிறது. சுகருக்குப் பரவலாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்கு கிட்னியின் வேலைத்திறன் குறைந்திருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். ரொம்பக் குறைந்துவிட்டால் நிறுத்தியே விடுவார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்வது அதற்காகத்தான். கிட்னியை அந்த மாத்திரை கெடுக்கிறது என்று அதற்குப் பொருள் அல்ல. கெடுப்பது, வருஷக்கணக்காக அடங்காமல் ரத்தத்தில் ஏறி நிற்கும் சர்க்கரை. மாத்திரையை நிறுத்தியவர் எதற்குப் பயந்தாரோ அதை நோக்கியே நடக்கிறார். இதை விளக்க எனக்குக் கால்மணி நேரம் ஆகிறது. அதுவும் அடுக்குமொழி இல்லாமல், பின்னால் நிற்கிறவர் அவசரப்படுத்த, சில்லறை எண்ணிக்கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

படிக்காதவர்கள்தான் இப்படி ஏமாறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. 1970-இல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் கூடிய ஒரு கருத்தரங்கில் 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் ஒரு நடிகரைப் பேச வைத்தார்கள். தலைப்பு, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. நடிகருக்கு அது பற்றி ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாக, பொருளற்ற சொற்களைக் கோத்து, ஆனால் உற்சாகமும் நகைச்சுவையும் குறையாமல் பேச வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் பேச்சு நன்றாக இருந்தது, சிந்தனையைத் தூண்டியது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய கட்டுரைகளை முன்பே படித்திருப்பதாகக்கூட ஒருவர் சொன்னார். 1973-இல் ஒரு மருத்துவக் கல்வி இதழில் இது வெளியானது. அந்த அரங்கில் இருந்தவர்கள் படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் அந்தப் பெரியம்மாவை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 1951-இல் ஹோவ்லாந்து, வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. மாணவர்களுக்கு ஒரே கட்டுரையைக் கொடுத்து, பாதிப் பேருக்கு அது நம்பகமான இடத்தில் வந்தது என்றும், மீதிப் பேருக்கு நம்ப முடியாத இடத்தில் வந்தது என்றும் சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று என் தொழிலைச் சேர்ந்தது: அலர்ஜி மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாமா என்பது. படித்த உடனே கேட்டபோது, நம்பகமான இடம் என்று நினைத்தவர்கள் அதிகமாக மனம் மாறியிருந்தார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. செய்தி மனதில் தங்கிவிட்டது. அதைச் சொன்னது யார் என்பது அதிலிருந்து கழன்று போயிருந்தது. கடையில் நான் கேட்பதும் இதையேதான். "யார் சொன்னதுன்னு ஞாபகம் இல்லம்மா, ஆனா கிட்னி போய்டுமாமே" என்கிறார்கள்.

புகழ் பெற்றவர்கள் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வேறு மாதிரியான புகழையும் தெரியும். 1954-இல் முதலமைச்சர் ஆன காமராசர் சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலில் நின்று வென்றது நம் குடியாத்தத்தில்தான். அவரிடம் அடுக்குமொழி கிடையாது. பேச்சு பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். பள்ளிக்கூடம், அணைக்கட்டு என்று தான் செய்த, செய்யப்போகிற காரியங்களைப் பற்றிப் பேசினார். மக்கள் அதைப் பார்த்துச் சரிபார்க்க முடிந்தது. அந்தத் தேர்தலில் அவரை ஆதரித்த பெரியாரோ மணிக்கணக்கில் பேசக்கூடியவர். ஆனால் நான் சொல்வதால் நம்பிவிடாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை மேடைதோறும் சொல்லிக்கொண்டே இருந்தார். தன் செல்வாக்கைத் தானே ஒரு படி கீழே இறக்கிவைத்துவிட்டுப் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்றைக்கு மைக் பிடிக்கிற எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து கெட்டுப்போன நம் பாலாற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிலுக்கு ஆதரவாகச் செல்வாக்கான குரல்கள் எத்தனையோ எழுந்தன. வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி என்பதெல்லாம் பொய்யான வாதங்களும் அல்ல. எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்குப் பெரிய பெயர் இல்லை. கையில் கணக்கு இருந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆறு இன்னும் தேறவில்லை என்பது வேறு துயரம். யார் பேசுகிறார் என்பதை ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த வழக்கு அது.

விளம்பரத்தில் வரும் பிரபலங்களுக்கு இப்போது சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றி ஒரு பொருளைப் பரிந்துரைத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே தடுக்கிறது. ஆனால் காசு வாங்காமல், எந்தப் பொருளையும் விற்காமல், நல்ல எண்ணத்தோடு மேடையில் ஒருவர் சொல்லிவிட்டுப் போகும் வைத்தியம் இந்த விளம்பரச் சட்டங்களின் பிடிக்குள் எளிதில் வராது. வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பேச்சுக்கெல்லாம் அபராதம் என்றால் கடைசியில் ஏழையின் பேச்சுக்குத்தான் முதலில் விழும். ஆகவே இந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் பத்திரிகைக்காரர்களும், மேடை போட்டுக் கூப்பிடுகிறவர்களும், கேட்கிற நாமும்தான்.

பள்ளிகளில் நடக்கும் பேச்சுப் போட்டிகளுக்கும் இதில் பங்கு உண்டு. குரலுக்கு மதிப்பெண், உச்சரிப்புக்கு மதிப்பெண், உடல்மொழிக்கு மதிப்பெண் என்று போடுகிறோம். சொன்ன புள்ளிவிவரம் எங்கே கிடைத்தது என்று பிள்ளையை ஒரு கேள்வி கேட்டு, அதற்கும் மதிப்பெண் போடும் நடுவரை நான் பார்த்ததில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நடிகரோ, பேச்சாளரோ, ஆன்மிகப் பெரியவரோ, விளையாட்டு வீரரோ உடல்நலம் பற்றிச் சொல்வதைத் தங்கள் இதழில் வெளியிடும்போது, அந்தத் துறையில் அவருக்கு உள்ள பயிற்சி என்ன என்பதை அதே பக்கத்தில் போடுங்கள். மருத்துவர் ஒருவரின் பதிலையும் அங்கேயே, அதே எழுத்தளவில் போடுங்கள். அடுத்த இதழில் மூலையில் வரும் மறுப்பு, மாத்திரையை நிறுத்தியவர் கண்ணில் படாது. காசு வாங்கிப் போடும் விளம்பரக் கட்டுரைகளில் 'விளம்பரம்' என்ற சொல் தலைப்புக்குப் பக்கத்திலேயே தெரியட்டும். இப்போது அது அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

மேடைப் பேச்சுக் கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். நன்றாகப் பேசுகிற ஒருவரை எப்படிக் கேட்பது, எந்த இடத்தில் நிறுத்தி "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது என்பதையும் கட்டுரையாளர் அதில் எழுத வேண்டும். அவருக்குத் தெரிந்த பேச்சாளர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மருந்து மாத்திரை பற்றி மேடையில் பேசும் முன் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள் என்று அவர்களிடம் அவர் சொன்னால், நான் சொல்வதைவிட நன்றாக எடுபடும். சுகர் மாத்திரை பற்றிய சந்தேகங்களுக்கு ஒரு மருத்துவரைக் கொண்டு ஒரு பக்கம் பதில் வெளியிட்டாலும் உதவி. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மருந்தாளுநர், காட்பாடி, வேலூர் மாவட்டம்