ஆசிரியைக்கு 6, மாணவிக்கு விலக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு கல்வி இணைப்பில், ஆங்கிலம் கற்பிப்பதில் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "ஆங்கில ஆசிரியர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் ஒரு பொருட்டே அல்ல." எழுதியவர் அந்த ஆங்கிலத் திறன் தேர்வை எந்த வருடம் எழுதினார் என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாக பிளஸ் டூவுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். போன வருடம் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் டெசோல் எம்.ஏ.வுக்கு, அதாவது பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் படிப்புக்கு, விண்ணப்பித்தேன். ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒன்பதுக்கு மொத்தத்தில் 7 வந்தது, எழுத்தில் மட்டும் 6. அவர்கள் கேட்டது எல்லாப் பிரிவிலும் 6.5. அந்த அரைப் புள்ளியில் இடம் போயிற்று. எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். முதல் கேள்வியில் நாலு நாட்டுக்காரர்கள் எவ்வளவு பாலாடைக்கட்டி சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரைபடம். 150 சொற்களில் விவரிக்க வேண்டும். அதிலேயே அரை மணி போய்விட்டது. இரண்டாவது, 250 சொற்கள் கட்டுரை. கடைசிப் பத்தியைத் தொடும்போது தாளை வாங்கிவிட்டார்கள். "நேரத்தைப் பார்த்து எழுதுங்கடா" என்று தினமும் கத்துகிறவள் நான்தான். சரி, அது என் தப்பு.

ஆனால் என்னிடம் படித்த பெண் ஒருத்தி அதே பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்கிறாள். அவள் எந்தத் தேர்வும் எழுதவில்லை. பிளஸ் டூ ஆங்கில மார்க்கே போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த மார்க் எந்த வகுப்பில், யாரிடம் வாங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் மார்க்கையும் அனுப்பிப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டுமாம், என்னுடையது 1999. அதற்கப்புறம் பாடம் நடத்தியதெல்லாம் கணக்கில் வராது.

பேராசிரியர்கள் இருவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்டார்கள். எனக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் போனில், "நீ எந்த பேட்ச்மா?" என்றார்.

பிரிட்டிஷ் விசா விதிப்படி ஜமைக்கா, மால்டா, கயானா நாட்டவர்கள் ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தியர்கள் நிரூபிக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஹைதராபாத் பற்றியும் இல்லை. 1958-இல் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவே தொடங்கி, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமான இஃப்ளு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) அங்கேதான், ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறது. உங்கள் இணைப்பின் கண்ணுக்கு லண்டன்தான் பக்கம் போலிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பும் இதே இணைப்பில், கட்டுரை போலவே அச்சான ஒரு கல்லூரி விளம்பரத்தைப் பற்றி எழுதினேன். அந்தக் கடிதம் என்ன ஆனதோ.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இணைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்: ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், பிளஸ் டூ மார்க் எத்தனை வருடம் பழையது என்றும் சில இடங்களில் பார்ப்பார்கள், பல பல்கலைக்கழகங்கள் மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பிரிவையும் தனியாகப் பார்க்கும். எங்கள் ஸ்டாஃப் ரூம் பலகையில் உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக் குத்தி வைத்திருக்கிறார்கள். இளம் ஆசிரியைகள் இரண்டு பேர் இந்த மாதச் சம்பளத்தில் தேர்வுக்குப் பணம் கட்டப் போகிறார்கள். அதற்குள் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.