அது அதிக விலை அல்ல, அநியாய விலை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் மருந்து விலை பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை படித்தேன். ஆங்கில மூலத்தில் எக்ஸார்பிட்டன்ட் (exorbitant) என்று இருந்த இடத்திலெல்லாம் 'அதிகமான' என்று போட்டுவிட்டுக் கடந்துவிட்டீர்கள். சின்ன விஷயம்தான், ஆனாலும் உறுத்துகிறது. அதிகம் என்பது வெறும் அளவு. வெயில் அதிகம், கூட்டம் அதிகம் என்கிறோம், அதில் யார் மேலும் குற்றம் இல்லை. எக்ஸார்பிட்டன்ட் அப்படியல்ல, விலை வைத்தவர் மனசாட்சியோடு வைக்கவில்லை என்ற புகாரும் அதற்குள்ளேயே இருக்கிறது.

லத்தீனில் ஆர்பிட்டா என்றால் வண்டிச் சக்கரம் மண்ணில் பதிக்கும் தடம், எக்ஸ் என்றால் வெளியே. ஆக, தடத்தை விட்டு விலகி ஓடுவது. (கோள்கள் சுற்றும் பாதையைச் சொல்லும் ஆர்பிட்டும் அதே வீட்டுப் பிள்ளைதான்.) 15ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்குள் வந்தபோது காசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சட்ட விதிக்குள் அடங்காமல் வெளியே நிற்கும் வழக்குகளைக் குறிக்கத்தான் பயன்பட்டது. அளவு மீறியது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது, அப்புறம் விலை, வாடகை, வட்டி, கட்டணம் என்று பணத்தின் பக்கமே ஒட்டிக்கொண்டது. 1960களில் பிரான்சின் நிதியமைச்சராக இருந்த ஜிஸ்கார் தெஸ்தேன், டாலரால் அமெரிக்காவுக்குக் கிடைக்கும் சலுகையை இந்தச் சொல்லால்தான் குத்திக் காட்டினார். வெறும் 'பெரிய சலுகை' என்று அதைப் பெயர்த்தால் அவருடைய கோபம் எங்கே போகும்?

நம்மிடம் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: அநியாயம். அதுவும் நியாயத்தை விட்டு விலகியதுதான், அதுவும் வழக்காடும் இடத்திலிருந்து இறங்கி விலையில் வந்து உட்கார்ந்ததுதான். என்ன, நாம் 'அநியாயத்துக்கு நல்லவன்' என்று ஒருவரைப் பாராட்டவும் செய்வோம், எக்ஸார்பிட்டன்ட்டுக்கு அந்தத் தாராளம் கிடையாது, அதை வைத்து யாரையும் புகழ முடியாது.

இன்னொன்று. அதே கட்டுரையின் பெட்டிச் செய்தியில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே அச்சிட்டு, எக்ஸுக்குப் பிறகு ஒரு ஹெச் சேர்த்திருந்தீர்கள். எக்ஸாஸ்ட், எக்ஸிபிஷன் இரண்டிலும் ஹெச் உண்டு, இதில் இல்லை. அந்த ஹெச்சை வேண்டுமானால் 'அதிகம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்