ஸ்பானிஷ் சொல் அட்டவணையில் தமிழுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் 'ஆங்கிலம் – ஸ்பானிஷ்' சொல் அட்டவணையை எங்கள் காலடிப்பேட்டையில் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கால்பந்து ஆடுகிற பையன்களுக்கு அர்ஜென்டினா மேல் உயிர். கப்பல் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அது பிழைப்பு. சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். சரக்குக் கப்பலில் சமையல் பார்த்தவன் நான். பெருவின் கயாவோ, சிலியின் வல்பரைசோ என்று துறைமுகச் சந்தைகளில் வெங்காயமும் மீனும் பேரம் பேசி வாங்கித்தான் எனக்கு ஸ்பானிஷ் வந்தது. அந்த அட்டவணையில் தமிழுக்கும் ஒரு கட்டம் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

'லைக்' என்பதற்கு 'குஸ்தார்' என்று போட்டிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் அதைப் படித்த பிள்ளை "ஐ லைக்" என்பதை மனசில் வைத்துக்கொண்டு "யோ குஸ்தோ" என்று ஆரம்பிக்கிறது. ஸ்பானிஷ்காரர் "மே குஸ்தா எல் பெஸ்காதோ" என்பார். 'மே' என்றால் 'எனக்கு'. எனக்கு மீன் பிடிக்கும், அவ்வளவுதான். தலைவலி வந்தாலும் அப்படியே: "மே துவேலே லா காபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் இதற்கு ஒரு பாடமே நடத்த வேண்டும். தமிழில் சொன்னால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது நான் என்று நமக்குத் தெரிவது போல, 'ஆப்லோ' என்றால் அங்கேயும் தெரியும்; 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் இந்த 'யூ'. ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று என்பதால் அட்டவணையிலும் 'தூ' என்று ஒன்றே நிற்கிறது. 'தூ' என்றால் நீ. 'உஸ்தேத்' என்றால் நீங்கள். கயாவோவில் கடை போட்டிருக்கும் வயதான அம்மாவிடம் 'உஸ்தேத்' போட்டுப் பேசினால் அவர் முகம் கொடுத்துப் பேசுகிற விதமே வேறு. நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுப்பார். இந்த வித்தியாசத்தைத் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. (அர்ஜென்டினா பிரியர்களுக்கு ஒரு சேதி: அங்கே 'தூ' கிடையாது, 'வோஸ்' என்பார்கள்.)

சில சொற்களுக்கு ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் போதவே போதாது. 'கார்னர்' என்றால் தெருமுனைக்கு 'எஸ்கீனா', அறையின் மூலைக்கு 'ரின்கோன்'. முனை, மூலை என்று நாம் பிரித்துச் சொல்கிறோமே, அதே மாதிரி. மீனுக்கும் இரண்டு உண்டு. கடலில் நீந்தும்போது 'பெஸ்', பிடித்துக் கூடைக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. இதற்குத் தமிழில் தனிச் சொல் இல்லை, சரி. ஆனால் ஒரு வரி தமிழில் விளக்கினால் காசிமேட்டுப் பிள்ளைக்கு ஆயுளுக்கும் மறக்காது.

ஆங்கிலம் தெரிந்தால் ஸ்பானிஷ் சுலபம் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பாதி உண்மை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக லத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளமாக நுழைந்தன. ஸ்பானிஷோ லத்தீனின் பிள்ளை. அதனால்தான் 'நேஷன்' அங்கே 'நாசியோன்'. ஆனால் 'ரோபா' என்றால் ஆங்கில 'ரோப்' மாதிரி கயிறு இல்லை, துணிமணி. கப்பலில் போகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 'லிப்ரேரியா' புத்தகக் கடை, 'லைப்ரரி' போல நூலகம் அல்ல. 'எக்ஸிதோ' என்றால் 'எக்ஸிட்' இல்லை, வெற்றி. வெளியே போகும் வழிக்கு 'சாலீதா'.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள் என்பது என் பெரிய ஆசை. 'டொமாட்டே' என்று பிள்ளைகள் படிக்கிறார்கள், அது 'தொமாத்தே'. ஸ்பானிஷின் 'த' நம்முடைய 'த' மாதிரி பல்லில் நாக்கு பட்டு வருவது. 'நீஞோ' (சிறுவன்), 'எஸ்பாஞா' (ஸ்பெயின்) என்று எழுத நம்மிடம் 'ஞ' இருக்கிறது. உயிரொலிகள் ஐந்தும் எழுதியபடியே ஒலிக்கும். இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துக்கூட்டலில் பிள்ளைகளை ஏன் அலைய விட வேண்டும்?

சில சொற்களை நாம் ஏற்கெனவே வீட்டில் புழங்குகிறோம். மேசை அங்கே 'மேசா', துவாலை 'தோஆயா', அலமாரி 'ஆர்மாரியோ'. இவை போர்ச்சுக்கீசியர் மூலம் தமிழுக்கு வந்தவை. போர்ச்சுக்கீசியமும் ஸ்பானிஷும் அக்கா தங்கை என்பதால் இந்த ஒற்றுமை. எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்காது என்பதும் நிஜம். அங்கே மேசைகூடப் பெண்பால், 'லா மேசா'. ஆகவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' சேர்த்தே அச்சிடுங்கள். இப்போது அவை இல்லை.

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஐ.நா.வின் 6 மொழிகளில் ஒன்று. தமிழ்வழியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் அதை நேராகவே கற்றுக்கொள்ளலாம். சமையற்கட்டு, சந்தை, துறைமுகம் தொடர்பான சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தரத் தயார். எந்தக் கிழமை வரலாம் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
காலடிப்பேட்டை, சென்னை-19