குறும்படம் எடுக்கும் குமரி மாவட்டத் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் உங்கள் போட்டிக்கு நடுவராக வந்து பதினோரு படம் பார்த்தேன். முடிந்ததும் வெளியே சாயா குடிக்கையில் உங்களில் ஒருவர், "அண்ணாச்சி, நம்ம ஊரு நாவல் ஒண்ணையும் படமா எடுக்க முடியாது, அதான் நாங்களே கதை எழுதுறோம்" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினீர்கள். எனக்குக் கடைசி பஸ் அவசரம். அதனால்தான் இந்த மடல்.

முடியாது என்றால், ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களே? நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 2002-இல் 'சொல்ல மறந்த கதை' ஆனது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 2010-இல் 'மகிழ்ச்சி' ஆனது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' 2009-இல் 'நான் கடவுள்' படத்துக்குள் போனது. அதில் வரும் அகோரி நாவலில் கிடையாது. எடுத்தது சரியாக வந்ததா என்பது வேறு வழக்கு.

பாதி நேரம் 'முடியாது' என்பது 'காசில்லை' என்பதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர். சின்ன வயதில் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்தவன் நான். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். இதையெல்லாம் எவனால் படமெடுக்க முடியும் என்று வாய்பிளந்தோம். இன்றைக்கு உங்களில் ஒருவர் லேப்டாப்பில் அதைச் செய்துவிடுவார்.

நிஜச் சிக்கல் வேறு. 'வாட்ச்மென்' காமிக்ஸின் ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். முதல் பக்கத்துக் கட்டங்களும் கடைசிப் பக்கத்துக் கட்டங்களும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று பொருந்தும். முன்னும் பின்னும் புரட்டினால்தான் அது பிடிபடும். 2009-இல் வந்த படம் பல காட்சிகளைக் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்திருந்தது. ஆனால் தியேட்டரில் இருப்பவன் எதைப் புரட்டுவான்?

நம்மூருக்கு வருவோம். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) என்றதும், அந்த மரத்துக்கு எங்கே போவது, பழைய நாகர்கோவிலுக்கு எங்கே செட் போடுவது என்கிறீர்கள். அதெல்லாம் ஆசாரி வேலை, செய்துவிடலாம். தாமோதர ஆசானை என்ன செய்வீர்கள்? அவர் கதை சொல்கிறார், பையன்கள் சுற்றியிருந்து கேட்கிறார்கள். அதில் நடந்தது எவ்வளவு, கிழவர் கூட்டினது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது, ருசியே அதில்தான். அவர் வாயைத் திறந்ததும் நீங்கள் ஃபிளாஷ்பேக்குக்குப் போய்க் காட்டிவிட்டால், அது நடந்ததாகிவிடும். ஆசான் கோர்ட்டில் நிற்கும் சாட்சியாகிவிடுவார்.

அப்புறம் பேச்சு. கோபப்படாதீர்கள், உங்கள் பதினோரு படத்தில் ஒன்பதில் விளவங்கோட்டுக் கிழவி "என்னோட பையன்" என்கிறாள். எந்தக் கிழவி அப்படிச் சொன்னாள்? "எனக்க மவன்" என்றால் சென்னைக்காரனுக்குப் புரியாதாம். மலையாளப் படத்தையே சப்டைட்டில் போட்டு ரசிக்கிறவனுக்கு இது புரியாதா? நாவலை வாசிக்கையில் காதில் விழுந்த குரல் படத்தில் இல்லையென்றால், மிச்சம் இருப்பது கதைச் சுருக்கம்தான். அதற்கு எந்த நாவலும் தேவையில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்கு முழு நாவல் வேண்டாம், ஒரு பத்துப் பக்கம் எடுங்கள். உரிமை வைத்திருப்பவர்களுக்கு முதலில் முறையாகக் கடிதம் போடுங்கள். 'குறும்படம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். கதை சொல்பவரைப் பேச விட்டுவிட்டு, கேமராவைக் கேட்கிற பிள்ளைகள் முகத்துக்குத் திருப்புங்கள். ஃபிளாஷ்பேக் கூடாது. ஆசானாக நடிக்க ஆள் தேடி அலைய வேண்டாம், விடியற்காலையில் வடசேரிச் சந்தைப் பக்கம் ஒரு சாயா குடித்தபடி நின்றால் போதும். நாலு பேராவது கிடைப்பார்கள். நிறுத்துவதுதான் பாடு.

அன்புடன்,
அன்று கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட உங்கள் நடுவர்