வொல்கானுக்குப் பேருந்து விடும் கோயில்களுக்கு

ரீயூனியன் தீவின் கோயில் நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சேன்-ஆந்த்ரேயில் பிறந்தவன். முப்பது வயதுக்கு மேல்தான் தமிழ் எழுதக் கற்றேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் படிக்க வராத பெரியவர்களுக்கு யாராவது கிரியோலில் சொல்லிவிடுங்கள்.

சென்ற மாதம் ஒரு கோயில் பேருந்தில் வொல்கானுக்கு, அதாவது நம் தீவின் எரிமலைக்கு, போனேன். எந்தக் கோயில் என்பது இங்கே வேண்டாம். எரிமலையைச் சூழ்ந்த பெரும்பள்ளத்தின் பெல்கோம்ப் விளிம்பிலிருந்து 500 படிகளுக்கு மேல் இறங்கினால் ஃபோர்மிகா லியோ வந்துவிடும். 1753-இல் எரிமலை கக்கிய கசடு குவிந்து உண்டான சின்னக் கூம்பு அது. அந்தப் பெயருக்குக் குழியானை என்று பொருள். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தப் பூச்சிதான். ஆனால் நம் கண்ணுக்கு அது குழியானையாகவா தெரியும்? செம்மண் நிறத்தில், வாய் திறந்து, அச்சு அசல் அம்மன் புற்று!

அதனால்தான் அன்று பால் ஊற்றினார்கள், மஞ்சள் தூவினார்கள், நவதானியம் இறைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். படியேறித் திரும்பிப் பார்த்தபோதுதான் கறுத்த பாறையில் பால் பாக்கெட்டுகளும் சாமந்தி மாலையும் பளிச்சென்று தெரிந்தன. வெட்கமாகப் போய்விட்டது.

அங்கே வெள்ளி நரை போல் பாறையில் ஒட்டியிருப்பது அழுக்கல்ல, லைக்கன்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். ஆறிய லாவாவில் முதலில் குடியேறும் உயிர் அதுதான். அதன் பிறகு பெரணி, பிறகு புதர். காடாக நூற்றாண்டுகள் ஆகும். கிழக்கே கிராண்ட் ப்ரூலேயில் சாலையோரம் நின்று பார்த்தாலே இது புரியும். 2007 ஏப்ரலில் லாவா தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. உச்சியிலிருந்த தொலோமியூ பள்ளத்தின் தரையே 300 மீட்டருக்கு மேல் இடிந்து உள்ளே போனது. அந்த லாவா பல ஆண்டுகள் மழை பெய்தால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் உயிர் பிடிப்பதை நம் வாழ்நாளிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நவதானியம் முளைக்காதே என்பீர்கள். அந்தக் குளிரில் முளைக்காமலும் போகலாம். ஆனால் எலிக்கு விருந்து. உலகில் இந்தத் தீவில் மட்டுமே கூடு வைக்கும் பாரோ பெத்ரேல் என்ற கடற்பறவைக்கு எலியும் பூனையும்தான் எமன். விதை விஷயத்தில் யாரையும் குறைசொல்ல எனக்கு வாய் கிடையாது. பிரேசிலிலிருந்து வந்து நம் மலைக்காட்டையே விழுங்கும் கொயாவியே என்ற சின்னக் கொய்யாப் பழத்தை ஆண்டுதோறும் கூடை கூடையாகத் தின்பவன் நான்.

கற்பூர விஷயம்தான் எனக்கு நிஜமான கவலை. 2011-இல் மேற்கே மைதோவில் 2,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. யார் வைத்த நெருப்பாக இருந்தால் என்ன, எரிந்த மரம் எரிந்ததுதான். 2007 முதல் அந்த மலைகளும் வொல்கானும் தேசியப் பூங்கா. 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கின்றன. பூங்காவின் மையப் பகுதியில் கண்ட இடத்தில் தீ மூட்டுவதும் கல் எடுப்பதும் குற்றம். அன்று இரண்டு பிள்ளைகள் பையில் லாவாக் கல் வைத்திருந்தார்கள். பெற்றோர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாண்டியலே அம்மனுக்கு, அதாவது திரௌபதிக்கு, விரதமிருந்து தீ மிதிக்கிற நமக்கு நெருப்பின் ஒழுங்கை நான் சொல்ல வேண்டியதில்லை. குழி வெட்டும் இடம், விறகு அடுக்கும் கை எல்லாவற்றுக்கும் முறை வைத்திருக்கிறோம். கண்ட இடத்திலா மூட்டுகிறோம்?

ஆகவே ஒரே வேண்டுகோள். பேருந்து புறப்படும் முன் கோயிலிலேயே கற்பூரம் ஏற்றிப் பூசையை முடித்துவிடுங்கள். மாலையும் பாலும் அங்கேயே இருக்கட்டும். மேலே போய்க் கைகூப்பினால் போதும். வெளி விதை மேலே போகாதிருக்க, பேருந்தில் ஏறும்முன் செருப்படி மண்ணைத் தட்டிவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு லைக்கனைக் காட்டிக் கதை சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை.

இப்படிக்கு,
சேன்-ஆந்த்ரேயிலிருந்து உங்களில் ஒருவன்